ஒன்பதாவது தொட்டி

“கூட்டத்துல ஒண்ணு மட்டும் வேறயா இருந்தா, உனக்கு எப்படிம்மா தெரியுது?”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பேராசிரியர் அவளிடம் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகத்தான் கேட்டார். அவள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதே, அதே ஒட்டல். அதற்குப் பயந்துதான் பள்ளிக்கூடத்தையே விட்டாள். அவளுக்குப் பதிலாக அக்கா முந்திக்கொண்டு, “அவளுக்குத் தெரியும் மேடம், சொல்லத்தான் தெரியாது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் தரையைப் பார்த்தபடியே சிரித்தாள்.

பல்கலைக்கழகத்தின் பயிர் மரபியல் குழு அது. அக்கா அங்கே ஆராய்ச்சி மாணவி. அக்கா சொல்லித்தான் அவளைத் தினக்கூலியாக எடுத்துக்கொண்டார்கள். மக்காச்சோளத் தொட்டிகளுக்கு நடுவே நடந்து, வரிசையோடு ஒத்துப்போகாத செடியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இலை விளிம்பில் ஓர் அலை, தண்டில் ஊதாக் கோடு, ஒரு விரல் உயரம் கூடுதல், இப்படி ஏதாவது இருக்கும். அந்தச் செடிக்குக் கலவன் என்று பெயர். அதன் தண்டில் சிவப்புக் கம்பளி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டால் அவள் வேலை முடிந்தது. பிடுங்குவது வேறு ஆள். பூப்பதற்கு முன்னால் பிடுங்கியாக வேண்டும். பூத்துவிட்டால் மகரந்தம் பறந்து மற்றதையும் கெடுத்துவிடும்.

செடிகள் இருந்தது கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒளியறையில். வெளியே பிற்பகல் வெயில் கொளுத்தும் நேரத்தில் அவ்வளவு விளக்கையும் எரியவிட்டு அறையைக் குளிர வைக்க முடியாது என்பதால், அங்கே பகலும் இரவும் இடம் மாறியிருந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கு விளக்குகள் அணையும். செடிகளுக்கு அப்போது இரவு. இரவு பத்து மணிக்கு மறுபடி எரியும். எரிய வைக்க வருகிறவர் விளக்கு அண்ணன். முதல் வேலையாகக் கையுறை மாட்டிக்கொண்டு, சிவப்பு நூல் கட்டிய செடிகளை வேரோடு பிடுங்குவார். நூல் கட்டிய செடி எட்டு மணி நேரம் இருட்டில் நின்றுகொண்டே காத்திருக்கும்.

படித்தவர்கள் அளவுகோல் வைத்துப் பார்த்தும் தவறவிட்டதை அவள் போகிற போக்கில் பிடித்துவிடுவாள். அதனால் விளக்கு அண்ணன் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தார். “கழுகம்மா, மீசையில ஒரே ஒரு முடி நரைச்சிருக்கு. பார்த்துட்டு நூலைக் கட்டிடாதே, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்பார். அக்காவோடு ஆராய்ச்சி செய்யும் ஆறடி மூன்றங்குல ஆளுக்கு அவர் வைத்த பெயர் குட்டை. குட்டை ஒவ்வொரு முறையும் ஒளியறை வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வான். இடிக்கிற சத்தம் கேட்டால் மணி ஒன்பது என்று அர்த்தம்.

பேராசிரியருக்குச் சொல்லாத பதில் அவளிடம் இருக்கத்தான் செய்தது. வேறானதை அவள் தேடுவதே இல்லை. ஒன்றாக இருப்பவற்றைப் பார்த்துக்கொண்டே போவாள். ஓரிடத்தில் கண் தடுக்கும், கல்லில் கால் தடுக்குவதுபோல.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் தடுக்கியது. ஆனால் செடியில் அல்ல.

அக்கா மேசையில் குனிந்து அடையாளச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். வலது கையால்.

அக்கா பிறவியிலேயே இடது கைக்காரி. எழுதும்போது மை கலைந்து இடது உள்ளங்கையின் ஓரம் எப்போதும் நீலமாகவே இருக்கும். சின்ன வயதில் அம்மா எவ்வளவு அடித்துப் பார்த்தும் மாறாத கை அது. இப்போது அந்தக் கை மடியில் மல்லாந்து கிடந்தது, ஓரம் சுத்தமாக. வலது கை ஒரே சீராக, ஒரே சாய்வாக, எண்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, கையை மாத்திட்ட?”

அக்கா நிமிர்ந்தாள். பேசுவதற்கு முன் மூச்சை இரண்டு துண்டாக இழுத்தாள், பாதி உள்ளே போய், நின்று, மீதி உள்ளே போவதுபோல. பிறகு சொன்னாள்.

“எல்லாம் நல்லா வந்திருக்கு.”

அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் அந்தப் பதிலை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள், மூன்று பேரிடம். அந்த இரண்டு துண்டு மூச்சோடு.

அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கலவன் எண்ணிக்கை எழுதும் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வாயால் சொல்ல வராததை எழுதிவைப்பது அவள் பழக்கம். அங்கே மூன்று வரிகள் இருந்தன.

*குட்டை. பேன்ட் தரையில் இழுபடுகிறது. வாசலில் இடிப்பதில்லை.*

*விளக்கு அண்ணன். சிரிப்பு இல்லை. கழுகு என்று கூப்பிடுவதில்லை.*

*மேடம். கண்ணாடி போடாமல் படிக்கிறார்.*

நான்காவதாக எழுதினாள். எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது.

*அக்கா. வலது கை.*

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன், முந்தைய விதைப்பில், பதினேழாம் வரிசை. அது அக்காவின் வரிசை. ஆறு தலைமுறையாக, ஒவ்வொரு செடியின் மகரந்தத்தையும் அதன் கதிரிலேயே தூவித் தூவி, அக்கா ஒரே சீராக்கிக் கொண்டுவந்த நாற்பது தொட்டி. நாற்பதில் இரண்டு கலவன் இருந்தால் பரவாயில்லை. மூன்று இருந்தால் வரிசையையே கழித்துவிடுவார்கள். கழித்தால் அக்காவின் ஆறு தலைமுறையும் குப்பைக்குப் போகும். பட்டத்துக்கு இருந்த கெடு அந்த வருஷத்தோடு முடிகிறது. அக்கா வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று அவள் இரண்டு நூல் கட்டிவிட்டாள். மூன்றாவது தடுக்கல் ஒன்பதாவது தொட்டியில் வந்தது.

மற்றவை எல்லாம் விளக்கைப் பார்த்து நிமிர்ந்து நின்றபோது, அது நடைபாதையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. உச்சி இடப்பக்கமாக வளைந்து, யாரோ கூப்பிட்ட குரலுக்குக் காது கொடுப்பதுபோல இருந்தது. அவள் எட்டாவது தொட்டிப் பக்கம் நகர்ந்தபோது அதுவும் கொஞ்சம் நகர்ந்ததாகத் தோன்றியது. விசிறிக் காற்று என்று நினைத்துக்கொண்டாள். நூலை எடுத்தாள். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. நூலைப் பைக்குள் திணித்துக்கொண்டு, நோட்டில் இரண்டு என்று எழுதினாள்.

பூத்தால் பறக்குமே என்ற பயம் இருந்தது. அதனால் அதன் உச்சிப்பூவில் யாருக்கும் தெரியாமல் ஒரு காகித உறையைக் கவிழ்த்தாள். உறைக்குக் கிளிப் போட வேண்டும். கிளிப்பை விளக்கு அண்ணன் எண்ணித்தான் கொடுப்பார், எந்தத் தொட்டிக்கு என்று கேட்பார். கேட்டால் அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளும், முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிளிப் இல்லாமல், உறையின் வாயை இரண்டு மடிப்பாக மடித்து நகத்தால் அழுத்திவிட்டாள்.

மகரந்தம் தூவும் நாளன்று அவள் போகவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மாலையில் அக்கா வந்தாள், புருவத்திலும் மூக்கு நுனியிலும் மஞ்சள் தூளோடு. “இன்னைக்கு என்னமோ மழையாக் கொட்டிச்சுடி. குட்டை தும்மித் தும்மியே ரெண்டு அங்குலம் குறைஞ்சிருப்பான். மேடம் கண்ணாடி முழுக்க மஞ்சள். விளக்கு அண்ணன் வாயைத் திறந்து சிரிச்சாரா, உள்ள போயிடிச்சு.” அக்கா சிரித்துச் சிரித்துத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது ஒன்பதாவது தொட்டியின் கீழே அந்த உறை கிடந்தது. கிழியவில்லை. அவள் போட்ட இரண்டு மடிப்பும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

இந்த விதைப்பில் பதினேழாம் வரிசையில் ஒரு கலவன்கூட இல்லை. பேராசிரியர் தட்டிக்கொடுத்தார். ஆனால் அக்காவே ஒருமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: “கலப்பு விழுந்துட்டா அடுத்த விதைப்புல ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுடி. ஒண்ணு அப்பா ஜாடை, ஒண்ணு அம்மா ஜாடை, நம்ம ரெண்டு பேர் மாதிரி.” இங்கே யார் ஜாடையும் இல்லை. நாற்பதும் ஒன்பதாவது தொட்டி. நாற்பதும் நடைபாதையைப் பார்த்துச் சாய்ந்து, ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காகித உறை கவிழ்த்த தலைகளை இடப்பக்கம் வளைத்து, காது கொடுத்துக்கொண்டு நின்றன.

அன்று மாலை வீட்டில் அவள் சாதம் வடித்து, தட்டை வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். இருவருக்கும் ஒரே அறைதான். அக்கா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக வீட்டுக்கு வந்ததும் செருப்பை ஒரு மூலைக்கும் பையை ஒரு மூலைக்கும் வீசுகிறவள். செருப்பு ஜோடியாக இருந்தது, பை ஆணியில் தொங்கியது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் கம்பிகளுக்கு இடையே விழுந்து, அக்காவின் ஒரு கன்னத்தில் மட்டும் படிந்திருந்தது. அந்தக் கன்னத்தை மேலும் வெளிச்சத்துக்குக் கொடுக்கும்படி தலை மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அறையில் ஒரு வாடை இருந்தது. பூத்த சோளத்தின் வாடை, இனிப்பும் புழுக்கமுமாக, ஈரத் தலையைத் துவட்டாமல் படுத்தால் தலையணையில் வருமே, அது.

“அக்கா, நான் ஒண்ணு கேட்கவா?”

இரண்டு துண்டு மூச்சு. “கேளு.”

“சின்ன வயசுல எனக்கு இருட்டுன்னா பயம். நீ என்ன பண்ணுவ?”

“உள்ளங்கையில மூணு தட்டு தட்டுவேன். ‘நான் இருக்கேன்’னு அர்த்தம்.” அக்கா திரும்பாமலேயே சொன்னாள். ஒரு சொல்லும் தவறவில்லை. “நீ ரெண்டு வார்த்தைக்கு எதுக்கு மூணு தட்டுன்னு கேட்ப. மூணாவது தட்டு சும்மா, உன் கன்னத்துக்குன்னு சொல்வேன்.”

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சீட்டில் எழுதியதைப் படிப்பதுபோலத் தெரிந்திருந்தது.

“ஊருக்குப் போயிடலாமா அக்கா. நாளைக்கே. அம்மாகிட்ட.”

“எல்லாம் நல்லா வந்திருக்கு” என்றாள் அக்கா.

அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். வாய் திறக்குமுன்பே அம்மா சந்தோஷமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். “உங்க அக்கா இப்பத்தாண்டி பேசினா. எவ்வளவு பொறுப்பா பேசறா. முன்னெல்லாம் ஒரு விஷயம் கேட்டா ஒன்பது விஷயம் உளறுவா. உனக்கும் கொஞ்சம் அவ குணம் வரக்கூடாதா?” அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

படுக்கையில் அக்கா மல்லாந்து படுத்தாள், நேராக, கைகள் பக்கவாட்டில். வழக்கம்போல அவள் மேல் காலைப் போடவில்லை. வெகுநேரம் கழித்து, விரிப்பில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. அக்காவின் இடது கை. அசையாமல் கிடந்த உடம்பின் பக்கத்தில் அது மட்டும் விழித்திருந்தது. விரல்கள் விரிப்பில் ஊர்ந்து, அவள் கையைத் தேடி, உள்ளங்கையைக் கண்டுபிடித்தன. ஒரு தட்டு. இரண்டு. மூன்று.

அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவை சில்லென்று இருந்தன. அக்காவின் முகம் கூரையைப் பார்த்திருந்தது. கண்கள் திறந்திருந்தன.

அக்கா இன்னும் உள்ளே இருக்கிறாள். இவ்வளவுதான், ஒரு கை அளவு.

விடிவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவளால் யாரிடமும் பேச முடியாது. பேசினாலும் நம்ப யாருமில்லை. ஆனால் அவள் கட்டிய நூலை இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. கட்டினால் பிடுங்கியாக வேண்டும். அது குழுவின் சட்டம். மூன்று போதும், வரிசையே போய்விடும். ஆனால் மூன்றோடு விட அவளுக்கு மனம் வரவில்லை. அக்காவின் பட்டம் போகட்டும், ஆறு தலைமுறையும் போகட்டும், அக்கா அவளை ஆயுசுக்கும் மன்னிக்காமல் இருக்கட்டும். திட்டுவதற்கு அக்கா வேண்டும்.

புதன்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒரு முழுக் கம்பளி உருண்டையோடு ஒளியறைக்குள் போனாள். கனத்த இரும்புக் கதவு பின்னால் மூடிக்கொண்டது. வெள்ளை வெளிச்சம் தலைக்கு மேலிருந்து கொட்டியது, நிழலே விழாத வெளிச்சம். விசிறிகளின் இரைச்சல், சொட்டு நீர்க் குழாய்களின் இடைவிடாத சொட்டல், வியர்வையோடு ஒட்டும் அந்த இனிப்பு வாடை. முதல் வரிசையிலிருந்து பதினாறு வரை செடிகள் செடிகளாக இருந்தன. பதினேழில் நுழைந்ததும் விசிறிச் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டதுபோல இருந்தது.

முதல் தொட்டி. மண்டியிட்டாள். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அந்த முடிச்சு அவளே கண்டுபிடித்தது. நனைந்த கம்பளியில் இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். இரண்டாவது. மூன்றாவது. தலைக்கு மேலே காகித உறைகள் உரசின. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்பதாவது தொட்டியில் தண்டு விரலுக்குள் மெல்ல வீங்கிச் சுருங்கியது, இரண்டு துண்டாக மூச்சு இழுப்பதுபோல. அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். பத்து. இருபது. கை விரல்களில் கம்பளியின் சாயம் ஏறியது. முப்பது. நாற்பது.

மணி ஒன்றே முக்கால். எண்ணிக்கையைப் பதிய நோட்டைத் திறந்தாள். காற்றில் பக்கங்கள் புரண்டு, கடைசிப் பக்கத்தில் நின்றன.

நான்கு வரிகள் எழுதியிருந்தாள். இப்போது ஐந்து இருந்தன.

*தங்கை. தலை நேராக இருக்கிறது. பேச்சு இல்லை. தனியாக நிற்கிறது. கலவன்.*

அக்கா எழுதியதா, மேடம் எழுதியதா, குட்டை எழுதியதா. தெரியவில்லை. ஒரே சீரான, ஒரே சாய்வான எழுத்து. இப்போது எல்லார் எழுத்தும் அதுதான்.

கதவு திறந்தது.

பேராசிரியர் முன்னால் வந்தார். பின்னால் குட்டை, பின்னால் விளக்கு அண்ணன், கடைசியில் அக்கா. குட்டை நிலையில் இடிக்கவில்லை. நான்கு தலைகளும் ஒரே உயரத்தில் வந்தன. பதினேழாம் வரிசையின் இந்த முனையில் அவள் நின்றாள். அந்த முனையில் அவர்கள் நின்றார்கள்.

“நாற்பதுக்கும் கட்டியிருக்கியேம்மா” என்றார் பேராசிரியர். கோபம் இல்லை. அன்பாகத்தான் கேட்டார். “இதுல எதும்மா வேறயா இருக்கு?”

அவள் வாயைத் திறந்தாள். மேலண்ணம். ஒட்டல்.

“முதல் வாரத்துல உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். கூட்டத்துல ஒண்ணு மட்டும் வேறயா இருந்தா எப்படித் தெரியுதுன்னு. நீ சொல்லவே இல்லை. பரவாயில்லை. இப்ப எங்களுக்கும் தெரியுது.”

விளக்கு அண்ணன் சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். முதல் தொட்டியில் குனிந்தார். சிவப்பு நூல் தரையில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. அவசரமில்லாமல் வந்தார். நறுக். நறுக். அவரோடு மற்றவர்களும் ஓர் அடி, ஓர் அடியாக.

“அண்ணே” என்றாள் அவள். குரல் வந்தது, காற்றாக. “அண்ணே, நான் கழுகு.”

அவர் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்டார். மீசையில் இருந்த அந்த ஒரு நரை முடி இப்போது இல்லை. இரண்டு துண்டு மூச்சு. “எல்லாம் நல்லா வந்திருக்கு” என்றார். மறுபடி குனிந்தார். நறுக்.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர். குளிர்ந்த, ஈரமான சுவர். வழி ஒன்றுதான், அவர்கள் நிற்கிற வழி.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பதாவது நூலை அவர் உடனே வெட்டவில்லை. முடிச்சைப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம். அவிழ்க்க முடியாத முடிச்சு அது. பிறகு அதையும் வெட்டினார். தரையில் கிடந்த அவள் உருண்டையிலிருந்து புது நூல் ஒரு முழம் அளந்து, அக்காவிடம் கொடுத்தார். கையுறைகளைக் கதவருகே இருந்த ஆணியில் மாட்டினார், பத்து மணிக்குக் கைக்கு எட்டும்படி.

இரண்டு மணி.

விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. முதல் வரிசை. ஐந்தாவது. பத்தாவது. இருட்டு நடந்து வந்தது. பதினேழு.

பச்சை விளக்கு ஒன்று மட்டும் கதவுக்கு மேலே எரிந்தது. செடிகளுக்குத் தெரியாத வெளிச்சம் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்த வெளிச்சத்தில் காகித உறைகள் சாம்பல் நிற முகங்களாகத் தெரிந்தன. அவற்றோடு நான்கு முகங்கள். எது எது என்று பிரிக்க முடியவில்லை. அவள் கண், எதிலும் தடுக்கும் அவள் கண், வரிசையின் மேல் ஓடியது. எங்கும் தடுக்கவில்லை. எல்லாம் ஒன்று. எல்லாம் ஒன்று.

மூன்று முகங்கள் பின்வாங்கின. கதவு திறந்து, ஒருக்களித்து நின்றது.

ஒன்று மட்டும் வந்தது.

“அக்கா.”

 அந்த வாடை. ஈரத் தலை.

“அக்கா, உனக்காகத்தான். மூணாவது நூலைக் கட்டாம விட்டேன். உனக்காகத்தான் அக்கா.”

அன்று அவள் நாக்கு ஒட்டாமல் சொன்னது அது ஒன்றுதான். முழுதாக வந்தது. யாருடைய முகத்திலும் போய்ச் சேரவில்லை.

அக்காவின் வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நூல் ஈரமாக இருந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. முடிச்சு. அவள் கண்டுபிடித்த முடிச்சு, அவள் அக்காவுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தது. இழுத்தாள். இறுகியது. மறுபடி இழுத்தாள். இன்னும் இறுகியது. ஓட வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் நினைக்கவில்லை. நூல் கட்டியது எதுவும் இதுவரை ஓடியதில்லை. நின்ற இடத்தில் நிற்கும். எட்டு மணி நேரம்.

அப்போது ஏதோ உள்ளங்கையைத் தொட்டது.

அக்காவின் இடது கை. இருட்டில் ஊர்ந்து வந்து, அவள் விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கண்டுபிடித்திருந்தது. சில்லிட்ட விரல்.

ஒரு தட்டு.

இரண்டு.

வலது கை வந்தது. இடது கையின் விரல்களை அவள் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தது, மடித்த காகித உறையின் வாயைப் பிரிப்பதுபோல, பொறுமையாக, கிழியாமல். கடைசி விரல் கொக்கிபோல மாட்டிக்கொண்டு வர மறுத்தது. வலது கை அதைப் பின்பக்கமாக வளைத்தது. நெற்று ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தம். அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

பிறகு அக்கா திரும்பினாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, நாற்பது தலைகளும் அவள் போகும் பக்கமே மெல்லத் திரும்ப, பதினேழாம் வரிசையைக் கடந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.